ஒரே ஒரு பெண் அந்துப்பூச்சியை வைத்துப் புதிய சிற்றினத்தை அறிவிக்கலாமா?

விளக்குப் பொறியில் கிடைத்த ஒற்றைப் பெண் அந்துப்பூச்சியின் இறக்கைக் கோலமும், இனங்களை அடையாளம் காணப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணு வரிசையும் அறியப்பட்ட இனங்களோடு பொருந்தவில்லை, இதைக் கொண்டே புதிய சிற்றினத்தை அறிவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி தடையில்லை, ஆனால் நான் அவசரப்பட மாட்டேன்.

இத்தகைய நுண்பூச்சிகளில் (மிகச் சிறிய அந்துப்பூச்சிகளில்) செதில்கள் எளிதில் உதிர்வதாலும், நெருங்கிய இனங்களின் இறக்கைகள் ஒன்றுபோலவே இருப்பதாலும், இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். வயிற்றுப் பகுதியைத் தனியே பிரித்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசைகளை நீக்கிய பின் கண்ணாடித் தகட்டில் பதித்து வரையுங்கள். முடிந்தால் அதே இடத்தில் ஆண் பூச்சியையும் தேடுங்கள்.

மரபணுத் தரவுத்தளத்தில் பொருத்தம் இல்லை என்பது பெயரில்லை என்பதாகாது. பூச்சியியலாளர் எட்வர்டு மெய்ரிக் மட்டுமே ஆயிரக்கணக்கான நுண்பூச்சிகளுக்கு, உறுப்புப் படங்கள் ஏதுமின்றி, சுருக்கமான விளக்கங்களோடு பெயரிட்டார்; அவருடைய வகைமாதிரிகளில் (பெயர்களுக்கு ஆதாரமான மூல மாதிரிகளில்) பெரும்பாலானவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கிருந்து படங்களைக் கேட்டு ஒப்பிடாமல் எழுதினால், பழைய பெயரொன்றின் மறுபெயராகவே உங்கள் பெயர் முடியக்கூடும் (இத்துறையில் அது புதிதுமல்ல).

வெளியிடும்போது ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாகும் ஒற்றை மாதிரி) எதுவென்றும், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் குறிப்பிடுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியானால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் முன்பதிவு கட்டாயம்.