ஜோகன்னஸ்பர்க்கில் வேலியாக வைத்த நேட்டால் பிளம் (Natal plum) செடி பூக்கிறது, காய்ப்பதில்லை. ஏன்? பழத்தைச் சாப்பிடலாமா?

வேலிச் செடிகள் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் போத்தில் (வெட்டி நடும் கிளைத்துண்டில்) வந்தவையா என்று நர்சரியில் கேளுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஜூலு மக்கள் அமாதுங்குலு என்று சொல்லும் இந்தச் செடி, நம் களாக்காயின் இனம். பல செடிகளுக்குச் சொந்த மகரந்தம் பிடிக்காது. ஒரே தாயின் போத்துகள் இருபது நின்றாலும் அது ஒரே செடிதான்.

ஒரு பூவைப் பறித்து, குழலை நகத்தால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். மகரந்தப் பைகள் பெரிதாக, நடுவில் உள்ள சூல்தண்டைவிட நன்றாக உயர்ந்து நின்றால் அது ஆண் பூ போலத்தான், காயை எதிர்பார்க்க வேண்டாம். பைகள் சிறுத்து, தூள் இல்லாமல், தண்டின் மட்டத்திலேயே இருந்தால் பெண் பூ. வேறு செடியின் மகரந்தம் வந்தால் காய் பிடிக்கும். சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடலோர மணல்மேடுகளில் இரவில் பறக்கும் பூச்சிகளும் சின்ன வண்டுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் தோட்டத்தில் மெல்லிய தூரிகையால் நீங்களே தடவலாம். நல்ல பலன் உண்டு.

அடுத்த தப்பு, கத்தரிக்கோல். பூ கிளை நுனியில்தான் வரும். வேலியைச் சமமாக வெட்ட வெட்டப் பூவும் பிஞ்சும் கீழே விழுகின்றன. பழம் பறித்த பிறகு மட்டும் கவாத்து செய்யுங்கள். முள் கவட்டையாகப் பிரிந்து இரண்டு அங்குலம் வரை இருக்கும், தடித்த தோல் கையுறை போடாமல் கை விடாதீர்கள். வளர்ந்த செடி மைனஸ் 4 டிகிரி வரை தாங்கும். இளஞ்செடி தாங்காது, உறைபனி இரவில் சாக்குப் போர்த்துங்கள்.

நன்றாகக் காய்க்கும் வேறொரு செடியிலிருந்து போத்து எடுப்பதே சிறந்த வழி. வெறுமனே வெட்டி நட்டால் சரியாக வேர் விடாது. இளங்கிளையைப் பாதி ஆழம் வரை வெட்டி, 2 மாதம் தாய்ச்செடியிலேயே விடுங்கள். பிறகு முழுதாக வெட்டி மணலில் நட்டால் சுமார் 30 நாளில் வேர் பிடிக்கும்.

பழம் கருஞ்சிவப்பாகி, அமுக்கினால் நெகிழ வேண்டும். அதுவரை தொடாதீர்கள். இலை, தண்டு, பச்சைக் காய் எதுவும் வாயில் போகக் கூடாது. பழுத்த சதையில் வெள்ளைப் பால் கசிந்தால் பயப்பட வேண்டாம், தோலோடும் விதையோடும் சாப்பிடலாம். ஜாம் காய்ச்ச அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வரே சரி. பழத்தின் பால், பாத்திரத்தில் பிசினாக ஒட்டும். சமையல் எண்ணெய் தேய்த்தால் வந்துவிடும்.