கேள்வி பதில்: பழைய ஐபாடுக்கு ராக்பாக்ஸ்

போன இதழில் பழைய ஐபாடுகளைப் பற்றி எழுதும்போது ராக்பாக்ஸ் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக இருந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 30 ஜிபி ஐபாட் வீடியோ வீட்டில் சும்மா கிடக்கிறது. ராக்பாக்ஸ் என்பது என்ன? போடப்போய் இருக்கிறதும் கெட்டுப்போனால்?
வாசகர், கும்பகோணம்

ராக்பாக்ஸ் என்பது பாட்டு பிளேயருக்குள் ஓடும் ஃபார்ம்வேர், அதாவது அந்தக் கருவியையே இயக்கும் மென்பொருள். கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக நாமே போட்டுக்கொள்வது. 2001 இறுதியில் ஸ்வீடனில் சிலர் ஆர்க்கோஸ் ஜூக்பாக்ஸ் என்ற பிளேயரை வைத்துக்கொண்டு, அதன் மென்பொருள் சரியில்லை என்று தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் டேனியல் ஸ்டென்பெர்க், இணையத்தில் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் கர்ல் என்ற மென்பொருளை எழுதியவர். அந்த ஆர்க்கோஸில் இருந்த ரேம் வெறும் 2 எம்பி. அங்கிருந்து ஐரிவர், ஐபாட், சான்சா என்று வேறு பிளேயர்களுக்கும் பரவி, 2008-இல் 3.0 பதிப்பு வந்தது, 2025-இல் 4.0 வந்திருக்கிறது. ஆப்பிள் 2022-இலேயே ஐபாட் என்ற பொருளை விட்டுவிட்டது, ஆனால் உங்கள் வீட்டில் கிடக்கும் பெட்டிக்கு இன்றைக்கும் புதுப் பதிப்பு வருகிறது. யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் நிரல் திறந்தே இருப்பதால்தான் இது நடக்கிறது.

ஐபாட் வீடியோவைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். அதன் டிஸ்க் மோடு ஹார்டு டிஸ்க்கில் இல்லை, தனி சிப்பில் இருக்கிறது. மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்து ரீசெட் செய்து, உடனே நடுப் பொத்தானையும் பிளேவையும் பிடித்தால் கம்ப்யூட்டர் அதை வெறும் டிஸ்க்காகப் பார்க்கும், அங்கிருந்து எதையும் சரிசெய்யலாம். ஆப்பிளின் மென்பொருளும் அழிவதில்லை, ஆன் ஆகும்போது ஹோல்டு சுவிட்சைத் தள்ளினால் அதற்கே போய்விடும். ஒன்று மட்டும் பாருங்கள்: மேக்கில் ஃபார்மேட் செய்த ஐபாடை ராக்பாக்ஸ் படிக்காது, முதலில் விண்டோஸில் ரீஸ்டோர் செய்து FAT32 என்ற டிஸ்க் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு பிளேயர்களுக்கு இதே உறுதியை நான் தர மாட்டேன், அந்தந்த மாடலின் கையேட்டைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

ராக்பாக்ஸ் போட்டு, தமிழ் எழுத்துள்ள ஃபாண்டும் மாற்றிவிட்டேன். கட்டம் கட்டமாக வந்தது போய் எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பாட்டுப் பெயரை வாசிக்கவே முடியவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா?
வாசகர், திருச்சி

முடியும், யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல நினைத்த முக்கியமான விஷயமே இதுதான்.

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அதற்குப் பின்னால் கொம்பு என்ற வரிசையில்தான் பதிந்திருக்கும். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு மென்பொருள் நூலகம் நடுவில் இருந்து கொம்பை முன்னால் கொண்டுவந்து, ஒட்ட வேண்டியதை ஒட்டிக் கொடுக்கிறது. ராக்பாக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. சில எம்பி ரேமில் ஓடப் பிறந்த மென்பொருள் அது. ஃபாண்டும் புள்ளிகளால் ஆன பட எழுத்துதான். வரிசையில் எது வருகிறதோ அதை அப்படியே வரைந்துகொண்டு போகும்.

ஆனால் அரபியும் ஹீப்ருவும் வலமிருந்து இடமாக ஒழுங்காக வருகின்றன, கவனித்தீர்களா? திரையில் வரைவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியும் நிரலில் உள்ள ஒரு ஃபங்ஷன் வழியாகப் போகிறது, எழுத்து வரிசையைப் பார்வை வரிசையாக மாற்றுவது அதன் வேலை. தமிழுக்கான வேலையையும் அதே இடத்தில் செருகலாம் என்பது என் எண்ணம். ெ, ே, ை மூன்றையும் மெய்க்கு முன்னால் நகர்த்த வேண்டும். ொ, ோ, ௌ மூன்றையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். சி மொழி தெரிந்தவருக்கு இது சின்ன வேலை.

சிக்கல் உகர ஊகாரத்தில் இருக்கிறது. கு, சு, மு, று எல்லாம் ஒவ்வொரு தினுசாக வளையும், பொதுவாக ஒரு குறியைப் பக்கத்தில் ஒட்டினால் பார்க்கச் சகிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட எழுத்து ஃபாண்டில் வேண்டும். நம்மிடம் அதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்16 என்ற குறிமுறை ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் ஒதுக்குகிறது. கோப்பில் யூனிகோடாகவே இருக்கட்டும். திரையில் வரையும் நொடியில் மட்டும் உள்ளுக்குள் அப்படி ஒரு அட்டவணைக்கு மாற்றி, 247 எழுத்தும் அதோடு கிரந்தமும் உள்ள ஒரு ஃபாண்டிலிருந்து எடுத்து வைத்தால் கொம்பு, கால், புள்ளி, உகரம் எல்லாப் பிரச்சினையும் ஒரே அடியில் தீரும். ஆனால் நீளமான பாட்டுப் பெயர் திரையில் ஓடும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் அந்த வரி மறுபடி வரையப்படுகிறது, ஆகவே மாற்றுகிற வேலை கனமாக இருக்கக் கூடாது, அட்டவணையில் பார்த்து எடுப்பதோடு முடிந்துவிட வேண்டும்.

அதுவரைக்கும் பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அதைப் பிளேயரில் உள்ள நகலில் மட்டும் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் இருக்கும் மூலக் கோப்பில் தமிழ் டேக்கை, அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரத்தை, அழித்துவிடாதீர்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ராக்பாக்ஸ் பேசும் என்று கேள்விப்பட்டேன். தமிழில் பேசுமா?
ஆசிரியை, திருநெல்வேலி

உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ராக்பாக்ஸின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது இந்தப் பேசும் மெனுவைத்தான். திரையைப் பார்க்காமலே எல்லா அமைப்பையும் மாற்றலாம். இந்த வசதி வந்தபோது கடையில் விற்ற பிளேயர்களில் இப்படி ஒன்றைப் பார்க்கவே முடியாது.

பிளேயர் தானாக வாசிப்பதில்லை. மெனுவில் வரும் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஒலியாக்கி, எல்லாவற்றையும் ஒரே குரல் கோப்பாகக் கட்டி உள்ளே வைக்கிறார்கள். அந்த ஒலியை உருவாக்க ஈஸ்பீக் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம், ஈஸ்பீக்குக்குத் தமிழ் தெரியும். பாட்டு, ஃபோல்டர் பெயர்களுக்கும் இதே போலச் சின்னச் சின்ன ஒலிக் கோப்புகள் செய்து வைக்கலாம்.

மொழிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்தாலே போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்னப் பத்தி இருக்கும்: அடையாளப் பெயர், எங்கே வருகிறது என்ற விளக்கம், மூல ஆங்கிலச் சொல், திரையில் காட்ட வேண்டியது, வாயால் சொல்ல வேண்டியது. கடைசி இரண்டும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். திரையில் தமிழ் சரியாக வராது என்று மேலே புலம்பினேன் அல்லவா, அது உங்கள் பிள்ளைகளுக்குத் தடையே இல்லை. திரைக்கானதை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை மட்டும் தமிழில் நிரப்பலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், நல்ல தமிழும் பொறுமையும் போதும்.

நிரல் தெரிந்தவர் தேவைப்படுவது எண்களுக்கு. ராக்பாக்ஸ் எண்ணைத் துண்டு துண்டாகக் கோத்துச் சொல்லும். 123 என்றால் ஒன்று, நூறு, இருபது, மூன்று என்று நான்கு துண்டு. ஆங்கிலத்தில் அது ஒத்துப்போகும். தமிழில் 'நூற்று இருபத்து மூன்று' என்று வர வேண்டும், 200 'இருநூறு', 300 'முந்நூறு' என்று மாறிக்கொண்டே போகும். எண்ணைப் பேசும் பகுதியில் தமிழுக்கென்று ஒரு கிளை வைத்து, அடுத்து எண் வந்தால் 'நூற்று', வராவிட்டால் 'நூறு' என்று தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். ஒலி அளவு, நேரம், பேட்டரி, பட்டியலில் எத்தனையாவது பாட்டு என்று எல்லாமே எண்ணாகத்தான் காதில் விழும், அதனால் இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஐபாடுக்குப் புது பேட்டரி போட்டேன். ராக்பாக்ஸில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது. ஃப்ளாக் பாட்டு கேட்டால் இன்னும் சீக்கிரம். மென்பொருள் கோளாறா?
வாசகர், சேலம்

இரண்டு தனி விஷயம். பேட்டரியின் சதவீதத்தை ராக்பாக்ஸ் நேரடியாக அளப்பதில்லை, வோல்டேஜைப் பார்த்துக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு மாடலுக்கும் நிரலில் ஓர் அட்டவணை உண்டு: 0, 10, 20 என்று 100 சதவீதம் வரை, ஒவ்வொரு படிக்கும் எத்தனை மில்லிவோல்ட் என்று 11 எண்கள். அது கம்பெனி பேட்டரியை வைத்து அளந்தது. நீங்கள் போட்டிருக்கும் பேட்டரி இறங்குகிற விதம் வேறு மாதிரி இருக்கலாம். பேட்டரியே மட்டமானதாகவும் இருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள். ராக்பாக்ஸோடு வரும் பிளக்கின்களில், அதாவது சின்னத் துணை நிரல்களில், பேட்டரி பெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. முழுக்க சார்ஜ் ஏற்றி, அதை ஓட விட்டு, ஒரே பட்டியலை ஒரே ஒலி அளவில் அணையும் வரை பாட விடுங்கள். வோல்டேஜ் எப்படி இறங்கியது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை எம்ஏஎச் என்பதை அமைப்பில் மாற்றவும் மறக்காதீர்கள், மீதி நேரக் கணக்கு அதை வைத்துத்தான்.

ஃப்ளாக் விஷயம் ஹார்டு டிஸ்க்கால் வருவது. டிஸ்க்கைச் சுழற்றி, ரேம் நிறையப் பாட்டை அள்ளி வைத்துக்கொண்டு, டிஸ்க்கை நிறுத்திவிட்டு ரேமிலிருந்தே பாடுவதுதான் முறை. 30 ஜிபி மாடலில் ரேம் 32 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி என்பதால் ஒரு முறை அள்ளினால் இருபது நிமிடத்துக்கு மேல் வரும். ஃப்ளாக் ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் வடிவம், நிமிடத்துக்கு 6 எம்பி போலச் சாப்பிடும், நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க் எழுந்திருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். ஈக்வலைசரும் கொஞ்சம் சாப்பிடும்: ஐபாட் வீடியோவின் பிராசசர் சும்மா இருக்கும்போது 30 மெகாஹெர்ட்ஸில் ஓடும், வேலை கூடினால் 80-க்கு ஏறும். ஏற ஏறப் பேட்டரி இறங்கும்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சி தெரியும். பிளேயர் எதுவும் என்னிடம் இல்லை. ராக்பாக்ஸில் பங்களிக்க முடியுமா?
மாணவர், கோவை

தாராளமாக. ராக்பாக்ஸோடு சிமுலேட்டர் வருகிறது, ஐபாடின் திரையும் மெனுவும் உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஜன்னலில் ஓடும். மெனு, ஃபாண்ட், மொழி, பிளக்கின் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு அது போதும். பேட்டரி, வேகம் போன்றவற்றுக்கு நிஜப் பெட்டி இருந்தே ஆக வேண்டும்.

கல்லூரியில் பழகிய சில பழக்கங்களை விட வேண்டியிருக்கும். இங்கே பழைய பிராசசர்கள் பலவற்றில் தசமக் கணக்குக்கான தனிப் பகுதியே கிடையாது, அதனால் எம்பி3, ஆக் (Ogg) எல்லாவற்றையும் முழு எண்களிலேயே கணக்குப் போட்டுப் பாட வைக்கிறார்கள். நினைத்த இடத்தில் மெமரியை ஒதுக்கிக்கொண்டே போகும் பழக்கமும் இங்கே செல்லாது. ஆரம்பத்தில் கொஞ்சம் திணறும், ஆனால் ஒரு கருவி நிஜமாக எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை. பேட்ச், அதாவது நிரலில் நீங்கள் செய்த திருத்தம், அனுப்பும்போது உண்மைப் பெயர் கேட்பார்கள், புனைபெயர் எடுபடாது. யாராவது குறை சொன்னால் திருத்தி மறுபடி அனுப்புங்கள், ஒதுங்கிவிடாதீர்கள். முதல் வேலையாக எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் மேலே திருச்சி வாசகருக்கும் திருநெல்வேலி ஆசிரியைக்கும் சொன்ன இரண்டில் ஒன்றை எடுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாரும் இசையமைப்பாளர் பெயரை வைத்துத்தான் பாட்டுத் தேடுவோம். ராக்பாக்ஸில் பாடகர் பெயர்தான் முதலில் வருகிறது. மாற்ற முடியுமா?
வாசகர், யாழ்ப்பாணம்

மாற்றலாம், நிரல் எதுவும் எழுத வேண்டாம். ராக்பாக்ஸ் ஃபோல்டருக்குள் டேக்நேவி என்ற கான்ஃபிக் கோப்பு இருக்கிறது, டேட்டாபேஸ் மெனுவின் வரிசை முழுக்க அதில்தான் உள்ளது. இசையமைப்பாளர், அப்புறம் படம், அப்புறம் பாட்டு என்று வரும்படி வரியை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பில் கை வைத்தால் அடுத்த பதிப்பு போடும்போது அழிந்துவிடும், அதனால் அதை நகலெடுத்து, பெயரில் '_யூசர்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து, அந்த நகலில் மாற்றுங்கள். நம் பக்கத்துப் பாட்டுக் கோப்புகளில் இசையமைப்பாளர் பெயரைப் பாடகர் இடத்தில் போட்டு வைத்திருப்பது சகஜம், முதலில் அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிட்டு, பிளேயரில் டேட்டாபேஸை முதலிலிருந்து உருவாக்கச் சொல்லுங்கள்.