எட்டு மணித்தியாலத்துக்கு ஓர் ஊர்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவன். 36 வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறேன். போன மாதம் ஓய்வு பெற்றேன். மனைவியோடு 120 நாள் உலகம் சுற்றும் கப்பலில் போக ஆசை. மேற்கே போகும் கப்பலா கிழக்கே போகும் கப்பலா, எந்த அறை, என்ன உடுப்பு, என்ன புத்தகம் என்று ஒரே குழப்பம். ஒரு கப்பலின் பட்டியலில் 44 துறைமுகம். அதில் திருகோணமலையும் இருக்கிறது, காலை 8 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்துக்குள் அங்கே எதையெல்லாம் பார்க்கலாம்? மனைவிக்குத்தான் இன்னும் முழு மனம் இல்லை. "அந்தக் காசுக்கு ஊரில மூன்று மாதம் நிக்கலாமே" என்கிறாள். உங்கள் கருத்தை அறிய விருப்பம்.

க., ரொறன்ரோ

அன்புள்ள க.,

உவர்மலையில் பிறந்தவர், திருகோணமலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் அஷ்ரப் இறங்குதுறைக்கு ஒரு பயணிகள் கப்பல் வந்திருந்தது. அன்று நான் ஓர் இளநீர்க் கடையில் நின்றேன். தொப்பி போட்ட ஒரு பெரியவர், கழுத்தில் கப்பல் அட்டை தொங்க வந்து, நல்ல தமிழில் ஒரு செவ்விளநீர் கேட்டார். குடித்துக்கொண்டே, "இதில முந்தி ஒரு சைக்கிள் கடை இருந்ததே?" என்றார். அது போய் எத்தனையோ காலம் என்றேன். யாரோ ஒருவரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ்காரன் ஹோன் அடித்துவிட்டான். மணிக்கூட்டைப் பார்த்தார், காசை வைத்தார், ஓடினார். "ஐயா, வழுக்கை!" என்று கடைப் பையன் கூப்பிட்டது கேட்கவில்லை. பையன் கோம்பையைப் பிளந்து தானே வழித்துத் தின்றான். அவர் சொல்ல வந்த பெயர் எதுவாக இருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். அவர் மீதுள்ள கோபமும் கொஞ்சம் உங்கள் மேல் விழலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு விஷயம் என்னிடம் கேட்கக்கூடாதது. புத்தகம் இரண்டு போதும், அதிலும் ஒன்று வாசிக்காமலே திரும்பி வரும். மருந்து மட்டும் முழுப் பயணத்துக்கும் கணக்காகக் கைப்பையில் இருக்கட்டும். நடுக்கடலில் இருந்து ஹெலியில் தூக்கிக்கொண்டு போகும் செலவும் காப்புறுதியில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

திசை மேற்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேற்கே போனால் சில நாளுக்கொரு தரம் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைய நாளுக்கு 25 மணித்தியாலம். கிழக்கே போனால் 23. அறுபது கடந்த உடம்புக்கு அந்த ஒரு மணி நித்திரையின் அருமை தெரியும். கொடுத்ததையெல்லாம் பசிபிக் நடுவில் தேதிக்கோட்டில் ஒரேயடியாக ஒரு நாளாகப் பறித்துவிடுவார்கள், அது வேறு கதை. 1519இல் மகெல்லன் என்ற மாலுமியோடு 5 கப்பல்கள் மேற்கே புறப்பட்டன. மகெல்லன் பிலிப்பைன்ஸில் செத்துப்போனார். 1522இல் ஒரே ஒரு கப்பலில் 18 பேர் ஸ்பெயினுக்குத் திரும்பினார்கள். வழியில் கேப் வெர்டே தீவில் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் வியாழன் என்றார்கள். கப்பல் கணக்கில் புதன். ஒரு நாள் கூட விடாமல் குறிப்பு எழுதிவந்த பிகபெட்டாவுக்குத் தன் கணக்கு எங்கே பிழைத்ததென்று விளங்கவில்லை. மேற்கே உலகத்தைச் சுற்றியவர் அனைவருக்கும் ஒரு நாள் கடன்.

இனி உங்கள் 44 துறைமுகம். தம்பி, இது என்ன, சந்தைக்குப் போகும் துண்டா? எட்டு மணித்தியாலம் என்பது காகிதத்தில். இறங்க ஒரு வரிசை, பஸ்ஸுக்கு ஒரு வரிசை. கப்பல் வெளிக்கிட முன்னரே எல்லோரும் ஏறிவிட வேண்டும். மிஞ்சுவது ஐந்து மணி. அதற்குள் கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை மான், கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறு, மதியச் சாப்பாடு. வழிகாட்டி மைக்கைப் பிடித்து, இதுதான் இராவணன் வெட்டு என்று உங்களுக்கே இங்கிலீசில் சொல்லித் தருவார். நீங்களும் தலையாட்டிப் படம் எடுப்பீர்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்காதா? எனக்கு இருக்கும்.

எங்கள் கொட்டியாரக் குடாவுக்குப் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த வந்தவர் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பி ஓடியது 1679இல். அந்த 19 வருடத்தில் இந்த நாட்டார் சோறு தின்பதையும் வயல் உழுவதையும் பார்த்துப் புத்தகமே எழுதினார். உங்களை யாரும் பிடித்து வைக்க வேண்டாம். நீங்களாகவே கொஞ்சம் நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பட்டியலும் நிச்சயம் கிடையாது. பாதையை மாற்றவும் துறைமுகத்தை விட்டுப் போகவும் கம்பனிக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு எத்தனையோ கப்பல்கள் சூயஸை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. 2020 ஜனவரியில் ஜெனோவாவில் இருந்து உலகம் சுற்றப் புறப்பட்டது எம்எஸ்சி மக்னிபிகா என்ற பயணிகள் கப்பல். நடுவில் கொரோனா வந்து துறைமுகமெல்லாம் அடைபட்டன. ஏப்ரலில் கொழும்பு வந்தபோது எங்கள் கடற்படை இரண்டு பேரைத்தான் இறக்கியது: சுகமில்லாத ஒரு ஜெர்மன் மூதாட்டி, கப்பலில் வேலை செய்த இலங்கைச் சமையற்காரர் ஒருவர். மற்றவர்கள் அப்படியே பிரான்சுக்குப் போனார்கள். அந்தச் சமையற்காரருக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

அறை கேட்டீர்கள். ஆட்டம் குறைவு நடுக்கப்பலில், கீழ்த்தட்டில். ஆனால் வயிறு தாங்கினால் பின்பக்கம் எடுங்கள். இது என் அம்மாவின் யோசனை. அறுபதுகளில் கட்டைபறிச்சானில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு, குடாவைக் கடக்கும் மூதூர் லாஞ்சில் போவோம். அம்மா ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி மணந்துகொண்டு, முந்தானையால் தலையை மூடி, பின்னுக்குப் பார்த்துத்தான் இருப்பாள். "அம்மா, முன்னுக்கு வாங்கோ, மூதூர் தெரியுது" என்பேன். "மூதூர் எங்க ஓடப் போகுது? வரத்தானே போகுது" என்பாள். ஊர்க்கரை சின்னதாகிச் சின்னதாகிக் கோடாகும் வரை கண்ணெடுக்க மாட்டாள். திரும்பி வரும்போது அதே அம்மா முன்பக்கத்தில் முதல் ஆளாக இருப்பாள். போகும்போதும் வரும்போதும் அவள் பார்த்தது ஒரே கரையை என்பது, அவள் செத்துப் பல வருடம் கழித்து, ஒரு நாள் பல்லு விளக்கும்போது எனக்கு விளங்கியது.

உங்கள் மனைவி சொன்னதாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் புத்தியான வரி அதுதான். அவவுடன் இருந்து ஆறுதலாகக் கதையுங்கள். கப்பல் ஆசையும் விடாது என்றால், பல கம்பனிகள் உலகச் சுற்றைத் துண்டு துண்டாகவும் விற்கின்றன. ஒரு துண்டு வாங்கி, கடலை மட்டும் பார்க்கும் நாட்கள் அதிகமாக வரும்படி எடுங்கள். மிச்சக் காசை ஊருக்கு வையுங்கள். வாடகைக்கு வீடு நான் பார்த்துத் தருகிறேன், கிணறு உள்ளதாக.

இல்லை, 44 துறைமுகமும் வேண்டும் என்றால் உங்கள் விருப்பம். அந்தப் பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள். துறைமுக வாசலில் ஓட்டோவோடு நிற்பேன். முதலில் இளநீர்க் கடை. பையன் இப்போது கல்யாணம் கட்டிவிட்டான், கடை அதே இடம்தான். வழுக்கையையும் தின்று முடித்துவிட்டு, அந்தச் சைக்கிள் கடைக்காரரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும்.