குடல் அழற்சி நோய் (ஐபிடி): எங்கே, யாருக்குக் கூடுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஐபிடி உலகம் முழுக்கக் கூடுகிறது என்கிறார்கள். மேற்கு நாடுகளில் அது கூடுவது நின்றுவிட்டது என்றும் படித்தேன். எது சரி சார்?

இரண்டும் சரிதான். 1990இல் உலகில் சுமார் 37 லட்சம் நோயாளிகள். 2017இல் சுமார் 68 லட்சம். புதிதாக நோய் வருபவர்களையும் ஏற்கெனவே இருப்பவர்களையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் குழப்பம். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் 300 நோயாளிகள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 20 பேருக்குப் புதிதாக வருகிறது, 5 பேர் இறக்கிறார்கள். அந்த 20 ஏறவே இல்லை. ஆனாலும் பத்தாண்டில் 450 ஆகிவிடும். இளவயதில் தொடங்கி ஆயுள் முழுக்கக் கூடவே வரும் நோய் அல்லவா? மேற்கில் நடப்பது இதுதான்: வட அமெரிக்காவில் நோயாளிகள் ஆயிரத்தில் மூன்று பேரைத் தாண்டியாயிற்று.

கேள்வி: ஆசியாவில் ஏறுவது கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) அதிகமானதால்தானே?

ஓரளவு. ஆனால் பரிசோதனை மட்டும் காரணமென்றால் ஐபிடியின் இரண்டு முக்கிய வகைகளான அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் (பெருங்குடல் புண் நோய்) க்ரோன் நோயும் சேர்ந்தே ஏற வேண்டும். பெரும்பாலான நாடுகளில் முதலில் கொலைட்டிஸ் தலைகாட்டுகிறது. சில ஆண்டுகள் கழித்தே க்ரோன். ஆக, நோயே கூடுகிறது.

கேள்வி: அப்படியானால் மரபணுவுக்குப் பங்கில்லையா?

உண்டு, ஆனால் நோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் எல்லா மக்களிடமும் ஒன்றல்ல. 2001இல் க்ரோனோடு தொடர்புபடுத்தப்பட்ட நாட்2 (NOD2) என்ற மரபணுவின் மாற்றங்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் முக்கியம். ஜப்பான், கொரியா, சீன நோயாளிகளிடம் அவற்றைக் காண்பதே அரிது. கனடாவின் ஒன்டாரியோவில் தெற்காசியர்களைப் பாருங்கள்: குடியேறி வந்தவர்களுக்கு ஆபத்து குறைவு, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ மற்ற கனடியர்களுக்கு நிகராக. ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடாது.

கேள்வி: அறுபதுக்கு மேல் புதிதாக வருமா?

வரும். வயதைக் காட்டி ஒதுக்கிவிடக் கூடாது.

கேள்வி: சிகரெட் பிடிப்பவர்களுக்கு கொலைட்டிஸ் குறைவாமே?

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அதே சிகரெட் க்ரோன் வரும் ஆபத்தைக் கூட்டும், வந்தவரை அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகலாம். மருந்தாக நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: காசநோய் அதிகமுள்ள நாடுகளின் புள்ளிவிவரத்தை நம்பலாமா?

க்ரோன் கணக்கைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். குடல் காசநோயும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்ணாக்கும். பயாப்சியில் (திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) இரண்டிலும் கிரானுலோமா எனும் அழற்சிச் செல்களின் சிறு திரள் தெரியலாம். காசநோயை க்ரோன் என்று நினைத்து அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவலாம். அதனால் சந்தேகம் தீராதபோது காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்வார்கள். வலி குறைந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, க்ரோனிலும் அது தற்காலிகமாகக் குறையும். புண் ஆறியிருக்கிறதா என்பதே கேள்வி.