பசுமை எரிசக்தி மாற்றத்தில் ரோமா மக்களையும் சேர்ப்பது என்றால் என்ன?

நிலக்கரி, எரிவாயுவை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கும் குளிர் புகாத வீடுகளுக்கும் ஐரோப்பா மாறும்போது, அதற்கான அரசுப் பணமும் வேலையும் ரோமா குடியிருப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ரோமா என்பது ரோம் நகரத்தார் அல்ல, ஐரோப்பா முழுக்கப் பரவி வாழும், நெடுங்காலமாக ஒதுக்கப்பட்ட ஒரு சிறுபான்மை இனம்.

ஐரோப்பாவில் ரோமா மக்கள் சுமார் 1 கோடிப் பேர். பல்கேரியா, ருமேனியா, ஸ்லோவாக்கியா போன்ற நாடுகளில் பலர் பட்டா இல்லாத வீடுகளில் விறகு எரித்துக் குளிரைச் சமாளிக்கிறார்கள். மானியமோ பெரும்பாலும் வீட்டுப் பத்திரம், முறையான மின் இணைப்பு, முதலில் கைக்காசு என்று கேட்கும். நிலமே இல்லாதவரிடம் போய் உரம் பாதி விலை என்று சொல்கிற மாதிரிதான் இது. இன்னொரு பக்கம், எரிபொருள் மீது கார்பன் கட்டணம், அதாவது அது வெளியிடும் கரிப்புகைக்கான கட்டணம், ஏறினால் ஓட்டை வீட்டில் இருப்பவருக்குத்தான் சுமை அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் 2032 வரைக்கும் இந்தச் சுமையைத் தாங்க எளியவர்களுக்கு உதவ சமூகக் காலநிலை நிதி என்று ஒன்றை வைத்திருக்கிறது, சரி, ஆனால் அதற்கும் பத்திரம் கேட்டால் கதை பழையதுதான்.

"அவர்கள் மின்சாரம் திருடுகிறவர்கள், அவர்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். இதே காரணத்தைச் சொல்லித்தான் பல்கேரியாவின் துப்னித்சா நகரில், மற்ற இடங்களில் 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும் மின் மீட்டரை, ரோமா பகுதியில் மட்டும் 6 மீட்டருக்கு மேல் கம்பத்தில் மாட்டினார்கள். வழக்குப் போட்டவர் ரோமாவே இல்லாத ஒரு கடைக்காரர், அந்த ஏற்பாடு அங்கே குடியிருக்கும் எல்லோரையும் இழிவுபடுத்தக்கூடியது என்று 2015-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே சொன்னது.