குழந்தையைப் பறிகொடுத்த தாயையே ஊர் ஏன் கொலைகாரி என்கிறது?

ஊர் எதிர்பார்த்தபடி அவள் அழாவிட்டால் போதும், சந்தேகம் வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லைனுக்கு அதுதான் நடந்தது.

1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறை அருகே கூடாரத்தில் தூங்கிய அவருடைய ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப்போனது. முதல் மரண விசாரணை அவர் சொன்னதை ஏற்றது. ஊர் வாய்தான் அடங்கவில்லை. தொலைக்காட்சியில் கலங்காமல் பேசியது குற்றம். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டது குற்றம். 'அசாரியா' என்றால் 'வனாந்தரத்தில் பலி' என்றுகூடக் கதை கட்டினார்கள். 'கடவுள் துணை' என்பதே அதன் பொருள். பெற்ற வயிற்றுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

அப்புறம், காரில் குழந்தையின் ரத்தம் இருந்ததாக நிபுணர்கள் சொன்னார்கள். 1982இல் ஆயுள் தண்டனை. கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனவர், பிறந்த மகளையும் உடனே பிரிய நேர்ந்தது.

குழந்தை போட்டிருந்ததாக லிண்டி சொன்ன சின்ன மேற்சட்டை 1986இல் டிங்கோக்கள் திரியும் இடத்தில், மண்ணில் பாதி புதைந்து கிடைத்தது. அப்படி ஒரு சட்டை இருந்ததையே அரசுத் தரப்பு நம்பவில்லை. 'ரத்தம்' என்று காட்டப்பட்ட தெளிப்பு, கார் தொழிற்சாலையில் சத்தம் குறைக்க அடித்த பூச்சு.

1988இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்ய 2012 ஆனது. இத்தனைக்கும், சம்பவ இரவே பழங்குடித் தடம் பார்ப்பவர்கள் மணலில் டிங்கோவின் தடத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள்.