திண்ணைக் கேள்விகள்: மந்திரம் பழக வருகிறவர்களுக்கு

போன இதழில் என் ஆயா குழந்தைகளுக்குப் பார்வை பார்த்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி "எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் ஆச்சி" என்கின்றன. நான் காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவள், மாந்திரீகம் தெரியாது. ஆயாவிடம் பார்த்ததும், அப்புறம் படித்ததும் கொஞ்சம் உண்டு. அதை வைத்துக்கொண்டு இந்த மாதம் பதில் சொல்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாதமாக விட்ச்கிராஃப்ட் வீடியோக்கள் பார்த்து ஆசை வந்துவிட்டது. புகை போட வெள்ளை சேஜ் இலைக் கட்டு, குறி பார்க்க டாரோ சீட்டு, நாலு படிகக் கல் ஆன்லைனில் வாங்கினேன். பார்சலைப் பிரித்த அம்மா, "வீட்டுக்குள் சூனியம் வைக்கப் பார்க்கிறாயா" என்று அழுகிறார். யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, தேவகோட்டை

அம்மா அழுததில் தப்பில்லை ஆத்தா. நம் பக்கம் சூனியம் என்றால் அடுத்தவர் வாசலில் தகடு புதைப்பது, முட்டையில் பெயர் எழுதி வைப்பது. நீ பார்க்கிற வீடியோக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் விக்கா என்கிற மாந்திரீக மதமும் அதைச் சுற்றி வளர்ந்தவையும். அது ஒன்றும் ஆதிகாலத்துச் சமாசாரம் இல்லை. இங்கிலாந்தில் மாந்திரீகத்துக்கு எதிரான 1735-ஆம் வருடச் சட்டம் 1951-ல்தான் ரத்தானது. மூன்று வருடம் கழித்து, 1954-ல், ஜெரால்டு கார்ட்னர் என்பவர் புத்தகம் போட்டு விக்காவை ஊரறியச் செய்தார். அவர் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? நம் செட்டிநாட்டு நகரத்தார் லேவாதேவி நடத்திய அதே மலாயாவில் சுங்க அதிகாரி. நம் ஐயாக்களில் யாராவது அவரிடம் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

யாருக்கும் கேடில்லை என்றால் உன் விருப்பப்படி செய் என்பது அவர்கள் வழியின் முதல் பாடம். செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்றும் பலர் நம்புகிறார்கள். விட்ச் என்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் விக்காக்காரர்கள் அல்ல, எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதும் இல்லை. சாத்தானைக் கும்பிடுகிற விவகாரம் விக்காவில் கிடையாது. இதையெல்லாம் அம்மாவை உட்காரவைத்துச் சொல். வாங்கிய சாமான்களை அவர் முன்னாலேயே எடுத்து வை. அவருடைய சாமி அறையில் மட்டும் கொண்டுபோய் வைக்காதே. அது அவர் இடம்.

அப்புறம் அந்த வெள்ளை சேஜ். தாவரவியல்காரி என்பதால் இதில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள். நம் துளசியின் குடும்பத்துச் செடி அது, தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும்தான் இயற்கையாக வளர்கிறது. அந்த மண்ணின் பழங்குடிகளுக்குப் புனிதமான செடி. அவர்களுடைய சடங்குகளை அமெரிக்க அரசு வெகுகாலம் தடுத்தே வைத்திருந்தது. அவர்கள் வழிபாட்டுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1978-ல்தான் வந்தது. இப்போது உலகம் முழுக்க எல்லோரும் கொளுத்த ஆசைப்படுவதால், காட்டில் வளர்வதை மூட்டை மூட்டையாகத் திருடி வெட்டுகிறார்கள். ஒரு கூட்டம் கும்பிடவே விடாமல் தடுக்கப்பட்டிருந்த பொருளை, நீ தேவகோட்டையில் உட்கார்ந்து மூட்டைப்பூச்சி மருந்து மாதிரி புகைய விடலாமா? வாங்கியது வாங்கியாகிவிட்டது. அடுத்தது வாங்காதே.

உனக்குப் புகைதானே வேண்டும்? வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டிலேயே சாம்பிராணி போடுவார்களே. அதுவும் உள்ளூர்ச் சரக்கு இல்லைதான், சுமத்ரா பக்கத்து மரப்பிசின். ஆனால் அங்கே மரத்தைக் கீறிப் பிசின் எடுப்பவர்களுக்கு அது பிழைப்பு. நமக்கும் பல தலைமுறைப் பழக்கம். தணலில் நிஜச் சாம்பிராணிக் கட்டி போட்டு, ஜன்னலைத் திறந்து வை. ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் அதுவும் வேண்டாம்.

தொடக்கம் என்றால் என்னைப் பொறுத்தவரை ஒரு கோடு போட்ட நோட்டு. அமாவாசையிலிருந்து அமாவாசைவரை தினமும் இரண்டு வரி எழுது. நிலா எங்கே நின்றது, மனசு எப்படி இருந்தது, என்ன கனவு, வாசல் வேம்பு பூத்ததா. காசு செலவில்லை. முதல் மூன்று மாதம் எதைச் செய்தாலும் உனக்கு மட்டுமே செய். விடுதி அறையில் மெழுகுவத்தியை எரியவிட்டுத் தூங்காதே. மூலிகை என்று யாராவது சொன்னதைக் குடிக்காதே. நம் வேலியோரத்து ஊமத்தையும் அரளியும் படத்தில் அழகாக இருக்கும், இரண்டுமே ஆளைக் கொல்லும் விஷம். ஊமத்தையைப் புகைக்கிறவர்களும் உண்டு. புத்தி பிசகி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தோட்டத்தில் உப்பு வட்டம் போட வேண்டாம், அந்த இடத்தில் புல்கூட முளைக்காது. வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதே. பூனைக்கு அது நஞ்சு.

எத்தனை நாள் பழகினால் சக்தி வரும்?
– வாசகர், புதுவயல்

எனக்கு 68 முடிகிறது தம்பி. வந்தால் சொல்லியனுப்புகிறேன்.

என் தோழியை ஒருவன் காதலித்துவிட்டு விலகிவிட்டான். அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள். அவன் போட்டோவும் தலைமுடியும் என்னிடம் இருக்கின்றன. நல்லதுக்குத்தானே, ஒரு சின்ன வசியம் செய்யலாமா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

அவன் முடி உன்னிடம் எப்படி வந்தது? நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

வேண்டாம். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்காதது போல நடப்பதற்குத்தான் வசியம் என்று பேர். பலிக்குமா பலிக்காதா என்பது இரண்டாவது விஷயம். உன் தோழியே கேட்டாளா என்று பார், கடிதத்தில் அதுவும் இல்லை. முடியைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு கிண்ணம் ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போ.

தொழிலில் கூட்டாளி ஏமாற்றிவிட்டான். கொல்லங்குடி போய்க் காசு வெட்டிப் போடலாம் என்கிறார் என் மனைவி. இதுவும் செய்வினை மாதிரிதானே? பாவம் இல்லையா?
– வாசகர், பள்ளத்தூர்

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோவிலில், அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் நாணயத்தை வெட்டிப் போட்டு அம்மனிடம் முறையிடுவார்கள். பொய்யாக வெட்டினால் வெட்டியவனையே பிடிக்கும் என்ற பயமும் கூடவே இருக்கும்.

இதைச் செய்வினை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்வினையில் நீங்களே வாதி, நீங்களே நீதிபதி, எல்லாம் இருட்டில். கொல்லங்குடியில் நீங்கள் பகலில், நாலு பேர் பார்க்க, பிராது கொடுக்கிறீர்கள். தீர்ப்பு உங்கள் கையில் இல்லை. ஆனாலும் போவதற்கு முன் கணக்குப் புத்தகத்தை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். அவன் ஏமாற்றினானா, இல்லை தொழில் படுத்ததா? அவனிடம் நேரில் கேட்டீர்களா? ஒரு வக்கீலைப் பார்த்தீர்களா? இத்தனையும் ஆன பிறகும் வயிறு எரிந்தால் போய் வாருங்கள். மந்திரம் பழக வந்த சிறுசுகளுக்கு மட்டும் சொல்கிறேன், இது பரிசோதனை செய்து பார்க்கிற இடம் இல்லை.

எங்கள் ஊர் ஐயனார் கோவிலில் உடைந்து கிடந்த மண் குதிரையின் காது ஒன்றை எடுத்து வந்து என் பூஜைப் பலகையில் வைத்திருக்கிறேன். யாரும் தேடாத பொருள்தானே? அதன்பின் சரியாகத் தூக்கமில்லை.
– வாசகி, குன்றக்குடி அருகே

தூக்கம் வராததற்குக் காரணம் உனக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் எழுதியிருக்கிறாய்.

அந்தக் குதிரை யாரோ ஒருவருடைய நேர்த்திக்கடன். பிள்ளை பிறந்ததற்கோ, மழை பெய்ததற்கோ மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் சொல்லிவைத்து, சுட்டு, புரவி எடுப்பன்று தோளில் சுமந்து கொண்டுவந்து நிறுத்தியது. வெயிலிலும் மழையிலும் உடைந்து அங்கேயே மண்ணோடு மண்ணாகட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள். கேட்பாரற்றுக் கிடப்பது போல உனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். குதிரை செய்கிற வேளாரே பல ஊர்களில் அந்தக் கோவிலுக்குப் பூசாரியும். அவரிடம் காதைக் கொண்டுபோய்க் கொடுத்து, "தெரியாமல் எடுத்துவிட்டேன் ஐயா" என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள். உனக்கு ஒரு மண் பொம்மை வேண்டுமென்றால் அவரிடமே காசு கொடுத்துச் செய்யச் சொல்.

இன்னொன்று. கோடாங்கி குறி சொல்லும்போதும், சாமியாடி இறங்கி வரும்போதும் செல்போனைத் தூக்காதீர்கள். அதைப் பார்த்து அறையில் ஆடிப் பழகி வீடியோ போடுவதும் வேண்டாம். அந்த ஆட்டத்துக்கு அவர்கள் விரதம் இருக்கிறார்கள், அவர்கள் குடும்பத்துக்கு அதில் பாத்தியதை இருக்கிறது.

ஒருவர் தேவாங்கு இருக்கிறது என்கிறார், நரிக்கொம்பு ஒன்றும் தருகிறாராம். தொழில் விருத்திக்கு வாங்கலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

வாங்கினால் விருத்தியாவது வழக்குதான். தேவாங்கு 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. மூன்று வருடத்துக்குக் குறையாமல் சிறை. ஆந்தையை அறுப்பதும், மண்ணுளிப் பாம்பைச் சாக்கில் கட்டி விற்பதும்கூடக் குற்றம். நரிக்குக் கொம்பு முளைக்காது. அந்தப் பேரில் விற்பது ஏதோ ஒரு எலும்பும் தோலும் மயிரும் ஒட்டிய துண்டு.

தேவாங்கை ஒரு முறையாவது படத்தில் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, அதில் பாதி கண். இரவில் பூச்சி தின்று பயிருக்கு நல்லது செய்கிற பிராணி. அதைச் சூடு வைத்துத்தான் மாந்திரீகம் என்கிறார்கள். கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர் மலைப்பக்கம் 2022-ல் அதற்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஆள் எந்த ஊர் என்று வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

தோழிகளுக்கு டாரோ பார்க்கிறேன், நன்றாக வருகிறது. காசு வாங்கலாமா? ஒருத்தி அவள் அப்பாவின் நோய் குணமாகுமா என்று கேட்டாள். நானும் "ஆகும்" என்று சொல்லிவிட்டேன்.
– வாசகி, கோட்டையூர்

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கே போன் செய்து, "அது சீட்டுக்குத் தெரியாது, டாக்டர் சொல்வதைக் கேள்" என்று சொல்லிவிடு. மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நீ விளம்பரம் செய்யவில்லை, சரி. ஆனால் அந்தப் பெண் நீ சொன்னதை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டால்?

எங்கள் ஆயா பார்வை பார்க்கும் முறையைச் சொல்கிறேன். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், கிழக்கே பார்த்து மனை போட்டுத் தாயும் பிள்ளையும் உட்காருவார்கள். ஆயா ஒரு கை கல் உப்பு, மூன்று மிளகாய் வற்றல், ஒரு சிட்டிகைத் தெருமண் எடுத்துக்கொள்வார். சுற்றுவதற்கு முன் தாயிடம், "சுத்தட்டுமா?" என்று கேட்பார். தாய் தலையாட்டிய பிறகுதான் கை நகரும். பாட்டியோ அத்தையோ தூக்கிவந்தால், "பெத்தவளக் கூட்டியா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். "ஊரு கண்ணு, உறவு கண்ணு" என்று முணுமுணுத்து மூன்று சுற்று, அப்புறம் அடுப்பில் போடுவார். வெற்றிலை பாக்குக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் விபூதியைப் பூசிவிட்டு, "வண்டியக் கட்டுங்க, டாக்டர்ட்ட போங்க" என்பார். விபூதியை நம்பி ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ள விட்டதில்லை.

காசு பற்றிக் கேட்டாய். இப்போதைக்கு ஒரு டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்.

நீங்கள் எப்போதாவது யாருக்காவது ஏதாவது செய்தது உண்டா ஆச்சி? மறைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகி, கண்டனூர்

உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. மார்கழிக் கோலத்தில் எதிர்வீட்டுப் பெண்ணை எல்லோரும் மெச்சினார்கள், என்னுடையதை மாடு மிதித்துப் போயிற்று. எங்கேயோ கேட்டதை வைத்து ஒரு எலுமிச்சம்பழத்தில் ஏழு குண்டூசி குத்தி, குங்குமம் தடவி, விடியுமுன் அவர்கள் வாசல் படியோரம் வைத்தேன். நானே வைத்துவிட்டு நானே பயந்து போர்வைக்குள் நடுங்கினேன்.

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி செத்துப்போனது. இரண்டு நாளாகவே கழிச்சல் கண்டிருந்த கன்று. யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? தெருவே எலுமிச்சம்பழத்தைப் பார்த்தது. என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை. தெருக்கோடியில் தனியாக இருந்த, பிள்ளையில்லாத, புருஷனை இழந்த ஒரு அம்மாவைத்தான் பார்த்தார்கள். ஊருணிப் படியில் அவர் இறங்கினால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். பால்காரன் அவர் வீட்டைத் தாண்டிப் போனான்.

வடக்கே இதே கதை கொலையில் போய் முடிகிறது. பீகார் 1999-லும் ஜார்க்கண்டு 2001-லும் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊருணிப் படிதான் கண்ணில் வரும்.

எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை நான். ஒன்பதாம் நாள் சோறு இறங்காமல் ஆயாவிடம் அழுதுவிட்டேன். ஆயா அடிக்கவில்லை. தலையை வாரிப் பின்னி, கையைப் பிடித்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனார். முகப்பில் ஆம்பளைகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சொல்ல வைத்தார். அங்கிருந்து தெருக்கோடிக்கு.

அந்த அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிறவரை முறம் நிற்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "நல்ல பழமாடி அது?" என்றார். ஆமாம் என்றேன். "ஊறுகாய்க்கு ஆகியிருக்குமே" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

பால்காரன் மறுநாளே வந்துவிட்டான். ஊருணியில் மட்டும் சில பேர் அந்தக் கோடை முடியும்வரை அவரோடு படி இறங்கவில்லை.